பொருள் ஒன்று, பெயர் பல: தமிழ்ப் பொருள் தலைப்புகளுக்கு ஒரு பொதுத் தரம் வேண்டித் திறந்த மடல்

பெறுநர்: தமிழ் நூல்களையும் சுவடிகளையும் ஆவணங்களையும் பகுத்துப் பட்டியலிடும் பொறுப்பிலுள்ள அரசு அலுவலர்களுக்கும், பல்கலைக்கழகங்களின் நூலகவியல் துறையினருக்கும், தமிழ்க் கணிமை அறிஞர்களுக்கும்.

மதிப்பிற்குரியோரே, வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம் வட்டத்தில் கிளை நூலகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற தகுதியில் இம்மடலை எழுதுகிறேன். தமிழ் நூல்களும் சுவடிகளும் பழைய இதழ்களும் அரசு ஆவணங்களும் வேகமாக மின்னாக்கம் செய்யப்பட்டு வருவதைக் கண்டு மகிழ்கிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் படமெடுத்துச் சேமித்த பக்கம் தேடுகிறவர் கைக்குப் போய்ச் சேர வேண்டுமானால், அது எந்தப் பொருளைப் பற்றியது என்று சொல்லும் தலைப்பு அதன் நெற்றியில் இருக்க வேண்டும். அந்தத் தலைப்பு எல்லா நூலகங்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும். தேடுகிறவர் தம் ஊர்ச்சொல்லைச் சொல்லிக் கேட்டாலும் அது அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் வழிசெய்யும் பொதுத் தரம் ஒன்றைத் தமிழுக்கென உருவாக்கி, யாரும் கட்டணமின்றி எடுத்தாளும்படி வெளியிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். நான் பணியாற்றிய காலம் முழுவதும் அப்படி ஒரு பட்டியல் எங்கள் கைக்கு வந்து சேரவில்லை. அது இல்லாததால் வாசகர் பட்ட பாட்டை நேரில் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பெண் ஒருத்தி ஒரு மாலையில் நூலகத்துக்கு வந்தாள். "சார், எங்க மரச்சீனியில இலையெல்லாம் மஞ்சளடிச்சுச் சுருண்டு போவுது, அதப்பத்தி வல்ல புஸ்தகமும் உண்டுமா?" என்று கேட்டாள். புதிதாக வந்திருந்த கணினிப் பட்டியலில் அவளையே தேடச் சொன்னேன். மரச்சீனி என்று எழுத்துப் பிசகாமல் தட்டினாள், எதுவும் வரவில்லை. மரச்சீனிக்கிழங்கு என்று தட்டினாள், அப்போதும் வரவில்லை. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் எட்டும் தட்டில், மரவள்ளிச் சாகுபடி பற்றிய சிறு நூல் ஒன்று இருந்தது. வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோயைப் பற்றி அதில் தனி இயலே இருந்தது. நான் எழுந்து போய் எடுத்துக் கொடுத்தேன். நான் அன்று விடுப்பில் இருந்திருந்தால் அவள் வெறுங்கையோடு திரும்பியிருப்பாள். "நூலகத்தில் அதற்குப் புத்தகம் இல்லை" என்று தகப்பனாரிடம் சொல்லியிருப்பாள்.

அந்தப் பெண்ணிடம் ஒரு தவறும் இல்லை. திருவிதாங்கூரோடு இருந்து 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்த எங்கள் மாவட்டத்தில் அந்தக் கிழங்குக்கு மரச்சீனி என்றுதான் பெயர். மலையாளத்திலும் அதே சொல் உண்டு. எங்களுக்கு அண்டையில், திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில், மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1963 முதல் இயங்கி வருகிறது. அங்கிருந்து வரும் மலையாளத் துண்டறிக்கையைக் கையில் எடுத்தால் எங்கள் விவசாயிக்குப் பயிரின் பெயர் உடனே பிடிபடும்; தமிழில் அச்சான நூலை எடுத்தால் மரவள்ளி என்றிருக்கும்; சேலம் பக்கத்தில் கேட்டால் குச்சிக்கிழங்கு என்பார்கள். செடி ஒன்று, நோய் ஒன்று, மருந்தும் ஒன்றுதான். பெயர் வேறாக இருக்கும் ஒரே காரணத்தால் ஒருவருக்குத் தெரிந்த தீர்வு மற்றவருக்குக் கிடைக்காமல் போகிறது.

இப்படிப் பல சொற்களைச் சொல்ல முடியும். நாங்கள் சாளை என்று வாங்கும் மீன் வேறு ஊர்களில் மத்தி. எங்கள் நெத்தோலி அங்கே நெத்திலி. சக்கை என்றால் பலா. கொல்லாமாவு என்றால் முந்திரி மரம், அதன் அண்டிப்பருப்பு என்றால் முந்திரிப்பருப்பு. நல்லமிளகு என்றால் குறுமிளகு. இவை கொச்சையும் அல்ல, பிழையும் அல்ல. வட்டாரத்துக்கு வட்டாரம் சொல் மாறும் என்பதை ஒப்புக்கொண்டு, திசைச்சொல் என்று அதற்கு இலக்கணத்திலேயே இடம் ஒதுக்கிய மொழி நம்முடையது. ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்களையும், பல பொருளைக் குறிக்கும் ஒரு சொல்லையும் பிரித்துப் பார்க்கும் வழக்கம் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. திவாகர நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளாக அமைந்தது. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பொருள் வாரியாகவே முற்பகுதியை அடுக்கிவிட்டு, ஒருசொற் பல்பொருளுக்கென்றே பதினோராம் தொகுதியை வைத்திருக்கிறது. பொருள்வாரி அடுக்கு நமக்குப் புதிய கலை அன்று. அந்தக் கலையைக் கணினிப் பட்டியலுக்குள் கொண்டுவர நாம்தான் இன்னும் முனையவில்லை.

ஒரு சொல்லுக்குள் பல பொருள் இருக்கும்போது நேரும் தொல்லைக்கு எங்கள் மாவட்டத்தின் பெயரே போதும். கன்னியாகுமரி என்றால் மாவட்டம். கன்னியாகுமரி என்றால் அதிலுள்ள ஊர். அந்த ஊரில் குடிகொண்ட அம்மனுக்கும் அதுவே பெயர். நிலத்தின் தென்கோடி முனைக்கும் அதுவே பெயர். மாவட்டத்தின் பாசன வரலாற்றைத் தேடுகிறவர் பேச்சிப்பாறை அணையைப் பற்றிய நூலைக் காண்பதற்குள், விவேகானந்தர் பாறைக்கும் சூரிய உதயத்துக்கும் எழுதப்பட்ட சுற்றுலாக் கையேடுகள் திரையை நிரப்பிவிடுகின்றன. சுருக்கிக் குமரி என்று தேடினால், சித்த மருத்துவத்தில் குமரி எனப்படும் கற்றாழையும் அந்தக் கற்றாழையில் செய்யும் குமரி லேகியமும் சேர்ந்துகொள்ளும். எழுத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் தேடலால் ஊரையும் மூலிகையையும் பிரித்தறிய முடியாது.

பழைய அட்டைப் பட்டியலில் இதற்கு ஒரு மருந்து இருந்தது. ஐந்து அங்குல நீளமும் மூன்று அங்குல உயரமும் கொண்ட அட்டை, அடியில் ஒரு துளை, அந்தத் துளை வழியே இழுப்பறையின் நீளத்துக்கும் ஓடும் பித்தளைக் கம்பி. என் வேலைக்காலத்தின் முற்பாதி அந்த இழுப்பறைகளோடுதான் கழிந்தது. மரச்சீனி என்ற இடத்தில் என் கையெழுத்தில் ஓர் அட்டை இருந்தது. அதில் நூல் எதுவும் குறிக்கப்பட்டிருக்காது, "மரவள்ளி காண்க" என்று மட்டும் இருக்கும். தேமல் நோய் என்ற அட்டையின் கீழ் "வெள்ளை ஈ மேலும் காண்க" என்றிருக்கும். கணினிக்கு மாறியபோது நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், விலை எல்லாம் ஏற்றப்பட்டன. எந்த நூலையும் சுட்டாத அட்டைகள் என்பதால் "காண்க" அட்டைகள் ஏற்றப்படவில்லை. அவற்றைக் கட்டி ஓரமாக வைத்த நாளில் அதன் விளைவு எனக்கும் முழுதாகப் புரிந்திருக்கவில்லை. மரச்சீனி என்று அந்தப் பெண் தட்டி ஒன்றும் வராதபோதுதான் புரிந்தது.

அந்தக் "காண்க", "மேலும் காண்க" இரண்டையும் கணினிக்கு ஏற்றபடி வகுத்துத் தந்திருப்பவைதான் இன்றைய உலகத் தரங்கள். பன்னாட்டுத் தர அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 25964 இரண்டு பகுதிகளாக 2011லும் 2013லும் வெளிவந்தது. சொற்களை அவற்றின் உறவோடு கோத்து வைக்கும் பட்டியலான சொற்கருவூலத்தை எப்படிக் கட்டுவது என்று முதற்பகுதியும், ஒரு பட்டியலை மற்றொரு பட்டியலோடு எப்படி இணைப்பது என்று இரண்டாம் பகுதியும் பேசுகின்றன. வலைத்தளங்களுக்குத் தரம் வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2009இல் வெளியிட்ட ஸ்கோஸ் என்ற முறை, இதையே வலைத்தளங்கள் பகிர்ந்துகொள்ளும் வடிவில் தருகிறது. இதற்கும் முன்பு 2000ஆம் ஆண்டளவில் வந்த டாபிக் மேப்ஸ், அதாவது பொருள் வரைபடம் என்ற ஐ.எஸ்.ஓ. 13250, இவற்றின் அடிக்கருத்தை மிகத் தெளிவாகச் சொன்னது என்பது என் எண்ணம். பொருள் வேறு, அதன் பெயர் வேறு. பொருளுக்கு மாறாத அடையாளம் ஒன்றைக் கொடு, பெயர்களை அந்த அடையாளத்தில் கட்டு, ஒரு பொருளுக்கும் மற்றொரு பொருளுக்கும் உள்ள உறவைத் தனியே எழுது, அந்தப் பொருளைப் பற்றிய நூலும் பக்கமும் எங்கே இருக்கின்றன என்பதை அதன் பிறகு சுட்டு என்பதே அதன் முறை. எங்கள் கிழங்குக்கு ஓர் எண். அந்த எண்ணோடு மரவள்ளி, மரச்சீனி, குச்சிக்கிழங்கு ஆகிய பெயர்கள் எல்லாம். எந்தப் பெயர் எந்த வட்டாரத்தது என்ற குறிப்பு. மேலே கிழங்குப் பயிர், கீழே அதன் ரகங்கள், பக்கத்தில் ஜவ்வரிசி, தேமல் நோய். ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு அக்ரோவோக் என்ற பன்மொழிச் சொற்கருவூலத்தை இவ்வகையில்தான் பேணி வருகிறது. விக்கித்தரவு 2012 முதல் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுத்து வருவதும் இதே வழிதான்.

இனி, பெயர் வைப்பது வெறும் வசதிக்கான வேலை அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். தென் திருவிதாங்கூரில், இன்றைய எங்கள் மாவட்டத்தின் மண்ணில், நாடார் குலப் பெண்கள் தோளில் மேலாடை அணியும் உரிமைக்காக 1822 தொடங்கி 1859 வரை அலையலையாக ஒரு போராட்டம் நடந்தது. 1859 ஜூலை 26 அன்று வந்த அரச விளம்பரம் அந்த உரிமையைக் குறைவுபட்ட வடிவில் ஒப்புக்கொண்டது. இன்று இதைத் தோள்சீலைப் போராட்டம் என்றும், மேலாடைப் போராட்டம் என்றும் எழுதுகிறோம். அரசு ஏடுகளும் அதிகாரிகளின் குறிப்புகளும் கலகம் என்ற சொல்லோடும் சாதிப் பெயரோடும் இதைப் பதிவு செய்தன; மலையாளத்தில் லகளை என்றும் மாறுமறைக்கல் சமரம் என்றும் எழுதுகிறார்கள். நூலகர் எந்தச் சொல்லைத் தலைப்பாக வைக்கிறாரோ அந்தத் தரப்பின் குரல் நூலுக்கு முன்னால் நின்றுவிடுகிறது. கலகம் என்று தலைப்பிட்டால் அடித்தவன் சொன்ன பெயரால் அடிபட்டவளின் கதையை அடுக்கியதாகும். அதற்காகப் பழைய சொல்லை அடியோடு அழித்துவிட்டாலோ, பழைய ஆவணத்தில் அந்தச் சொல்லைத் தவிர வேறொன்றும் இல்லாதபோது ஆய்வாளரால் அதைக் கண்டெடுக்கவே முடியாது. பொருளுக்கு எண் இருக்குமானால் இந்த இக்கட்டு தீரும். முதன்மைப் பெயராகத் தோள்சீலைப் போராட்டம் நிற்கட்டும். ஏனைய பெயர்கள், யார் எந்தக் காலத்தில் வழங்கியவை என்ற குறிப்போடு, அதன் கீழ் வழிகாட்டியாக நிற்கட்டும்.

அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 1898 முதல் பேணிவரும் பொருள் தலைப்புப் பட்டியலிலும் இத்தகைய வழக்கு எழுந்தது. ஆவணமின்றிக் குடியேறியவர்களைச் "சட்டவிரோத அயலார்" என்று குறித்த தலைப்பை மாற்றக் கோரி 2014இல் கல்லூரி மாணவர்கள் முறையிட்டார்கள். மாற்றுவதாக நூலகம் 2016இல் அறிவித்தபோது நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு வந்தது. கடைசியில் 2021இல்தான் அது மாறியது. ஒரு தலைப்பை மாற்ற ஏழு ஆண்டுகள் ஆனதைக் குறையாக நான் பார்க்கவில்லை. முறையிட ஒரு வாசல் இருந்தது, முறையீடும் மறுப்பும் மாற்றமும் ஊரறியப் பதிவாயின என்பதையே பார்க்கிறேன். தமிழில் ஒரு தலைப்பு தவறு என்று பட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

நூலைத் தட்டில் எங்கே வைப்பது என்று சொல்லும் வகுப்பு எண்ணிலும் நம் பொருள்கள் பிறர் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. 1876இல் அமெரிக்காவில் தோன்றிய தூயி பதின்மப் பகுப்பில் சமயத்துக்கு 200 முதல் 299 வரை இடம். அதில் 220 முதல் 289 வரை கிறித்துவத்துக்குப் போய்விட, உலகின் ஏனைய சமயங்கள் அனைத்தும் 290இல் அடங்க வேண்டியிருக்கிறது. கிறித்துவர் பெருந்தொகையாக வாழும் எங்கள் மாவட்டத்தில் அந்த எண்கள் நன்றாகவே பயன்பட்டன. ஆனால் சாமித்தோப்பைத் தலைமைப்பதியாகக் கொண்ட அய்யாவழி நூல்களை எங்கே வைப்பது என்று நான் தடுமாறியதுண்டு. இந்து சமயத்தின் கீழ் வைத்தால், தங்களது தனி வழி என்று சொல்லும் அன்பர்கள் வருந்துவார்கள். தனியே வைத்தால், அதை இந்து சமயத்தின் கிளையாகக் கருதி வருகிறவர் அந்த நூல்களைக் காணாமல் போவார். போதாக்குறைக்கு அய்யாவழி, ஐயாவழி என்று எழுத்திலும் இரண்டு. தட்டில் ஒரு நூலுக்கு ஓரிடம்தான் தர முடியும். பட்டியலில் அதற்கு எத்தனை வாசல் வேண்டுமானாலும் வைக்கலாம்.

இதை உலகுக்குக் கற்றுக் கொடுத்தவர் நம் சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அவர், 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில் ஒவ்வொரு பொருளையும் முகங்களாகப் பிரித்தார்: எது, எதனால் ஆனது, என்ன நிகழ்கிறது, எங்கே, எப்போது. எங்கள் ஊர் ஆசான்மார் கையாளும் வர்மத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 இடங்களைச் சொல்லும் அந்த அறிவு, அடிக்கவும் பயன்படும், அடிபட்டவனை எழுப்பவும் பயன்படும். அதைத் தற்காப்புக் கலை என்ற ஒரே பெட்டியில் அடைத்தால் வைத்தியருக்குக் கிடைக்காது. மருத்துவம் என்று அடைத்தால் அடிமுறை பயில்கிறவருக்குக் கிடைக்காது. உடல், சிகிச்சை, அடிமுறை, தென் திருவிதாங்கூர் என்று முகம் முகமாகக் குறித்தால் நான்கு பக்கத்திலிருந்தும் வருகிறவர் அதே சுவடியில் வந்து சேர்வார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது அரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது. விடுதலைக்குப் பின் இந்தியாவிலேயே முதலாவதாக 1948இல் பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம், அவருடைய மொழியில் இந்த வேலையைச் செய்து முடிக்க வேண்டாமா?

பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருளான எழுத்துணரி முழுப் பக்கத்தையும் படித்துவிடும், மீதியைச் செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும், தலைப்புப் பட்டியல் இனி எதற்கு என்று இளைய நண்பர்கள் கேட்கிறார்கள். ஓலைச்சுவடியையும், எழுத்துத் தேய்ந்த பழைய அச்சையும் எழுத்துணரி இன்னும் பிழையின்றிப் படிப்பதில்லை. படித்தாலும், மரவள்ளி என்று எழுதிய பக்கத்தில் மரச்சீனி என்ற சொல் இருக்கப் போவதில்லை. எங்கள் பகுதிப் பழைய ஆவணங்களில் ஆண்டும் திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டாக இருக்கும்; 1034 என்று எழுதியிருப்பதை 1858–59 என்று யாராவது ஓரிடத்தில் எழுதி வைத்தால்தானே இயந்திரமும் அதைக் கற்கும்? கூடுதலாகப் புழங்கும் சொல்லைத்தான் இயந்திரம் நன்றாகக் கற்கிறது. குறைவாக அச்சேறிய எங்கள் சொற்கள், மனிதர் கைப்படக் கோத்துக் கொடுத்தாலொழிய அதன் கண்ணிலேயே படாது.

ஆகவே நான் கேட்பவை இவை. பொருளுக்கு எண், பெயர்கள் அதன் கீழ் என்ற அடிப்படையில், ஐ.எஸ்.ஓ. 25964ஐயும் ஸ்கோஸ் முறையையும் தழுவித் தமிழ்ப் பொருள் தலைப்புப் பட்டியல் ஒன்றைத் தொடங்குங்கள். ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றவோ வேறு பொருளுக்குக் கொடுக்கவோ கூடாது என்பதை விதியாக எழுதுங்கள். பெயர் மாறலாம், எண் மாறினால் அதுவரை இணைத்ததெல்லாம் அறுந்துபோகும். வட்டாரச் சொல் ஒவ்வொன்றையும் அதன் ஊர்க்குறிப்போடு ஏற்றுக்கொள்ளுங்கள். கோயில், கோவில் போன்ற எழுத்து வேறுபாடுகளை அதே இடத்தில் பிணையுங்கள். எங்களைப் போன்ற எல்லை மாவட்டங்களுக்கு மலையாளப் பெயரையும், வேறு எல்லைகளில் தெலுங்கு, கன்னடப் பெயர்களையும் சேருங்கள். தலைப்பை எதிர்த்து முறையிடவும், அந்த முறையீட்டுக்கு எழுத்தில் பதில் பெறவும் வழி வையுங்கள். அதைத் தீர்மானிக்கும் குழுவில் பேராசிரியர்களோடு ஒரு மீனவரும், ஒரு வர்ம ஆசானும், ஒரு விவசாயியும், பேச்சிப்பாறை மலைப்பகுதியில் வாழும் காணி மக்களில் ஒருவரும் உட்கார வேண்டும். சாளைக்கும் மத்திக்கும் உள்ள உறவு குளச்சல் கடற்கரையில் மீன் விற்கும் பெண்ணுக்குத் தெரிந்த அளவுக்கு எங்களில் யாருக்கும் தெரியாது.

தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே வீச்சில் தொடங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தொடக்கம் எங்கள் மாவட்டமாக இருக்கட்டும். தோவாளையின் பூ, அகஸ்தீஸ்வரத்தின் நெல், கல்குளத்தின் ரப்பர், விளவங்கோட்டின் தேன், கடற்கரை நெடுகிலும் மீன் எனச் சிறிய நிலப்பரப்பில் பொருள் செறிந்த மாவட்டம் இது. இரண்டு மொழிகளும் இரண்டு ஆண்டுக் கணக்குகளும் இங்கே கலந்திருப்பதால், பட்டியலில் வரக்கூடிய சிக்கல்களில் பெரும்பாலானவை முதல் ஆயிரம் தலைப்புகளுக்குள்ளேயே வெளிப்பட்டுவிடும். அதைக் கொண்டு விதிகளைத் திருத்திக்கொண்டு அடுத்த மாவட்டத்துக்குப் போகலாம்.

ஓரங்கட்டப்பட்ட அந்தக் "காண்க" அட்டைகளை எடைக்குப் போடுவதற்கு முன், உரிய அனுமதி பெற்று, அவற்றிலிருந்ததை எல்லாம் மூன்று நீள நோட்டுகளில் படியெடுத்து வைத்திருக்கிறேன். இடப்பக்கம் எங்கள் ஊர்ச்சொல், வலப்பக்கம் நூல்களில் வரும் சொல், ஓரத்தில் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது என்ற குறிப்பு. முதற்பக்கத்தின் முதற்சொல் அயனிச்சக்கை. நீங்கள் ஆளனுப்பினால் மூன்றையும் கொடுத்துவிடுகிறேன். கையெழுத்து புரியாத இடங்களைக் கூடவே உட்கார்ந்து வாசித்தும் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிளை நூலகர்,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.